பேய் வீட்டுக்கு எதிரே அப்பளக் கடை

அந்த வருஷம் கரிசக்குளத்து மாரியம்மன் பொங்கல் பொருட்காட்சியில், ராட்டினத்துக்கும் மரணக் கிணற்றுக்கும் நடுவே டெல்லி அப்பளம் போட வந்த வெள்ளத்தாயின் தகரக் கொட்டகைக்குள், எண்ணெய்ச் சட்டி இருக்க வேண்டிய இடத்தில் அவரவர் வீடு இருந்தது. ஊரில் யாரும் இதற்காகப் பெரிதாக அலட்டிக்கொள்ளவில்லை. அலட்டிக்கொண்ட ஒரே ஆள், நேர் எதிரே பேய் வீடு போட்டிருந்த சாத்தூர் தவசிலிங்கம்தான். அவருக்கும் வந்தது ஆச்சரியம் இல்லை, வயிற்றெரிச்சல்.

நடந்தது இவ்வளவுதான். வெள்ளத்தாய்க்கு முதல் நாள் சிலிண்டர் வந்து சேரவில்லை. வெறும் கொட்டகையை ஊர் பார்க்க வேண்டாமே என்று பழைய சுங்குடிச் சேலை ஒன்றைக் குறுக்கே கட்டித் தொங்கவிட்டு, போர்டை மட்டும் மேலே மாட்டிவிட்டு, வாசலில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்திருந்தாள். பாத்திரக் கடை செண்பகராமன் அப்பளத்துக்கு ஆசைப்பட்டு, அவளைக் கேட்காமலே சேலையை விலக்கி உள்ளே போனவர், போன சுருக்கில் தன் வீட்டுக் கூடத்தில் நின்றார். கூடத்தில் அவருடைய அப்பா தனியாக உட்கார்ந்து, சர்க்கரை மாத்திரையை அரிவாள்மனையில் வைத்துப் பாதியாக நறுக்கி, ஒரு பாதியை வாயில் போட்டுக்கொண்டு, மறு பாதியை மகன் கண்ணில் படாமல் பழையபடி அட்டைக்குள் செருகிக்கொண்டிருந்தார். "என்னப்பா பண்றீங்க?" என்று இவர் கேட்டது அவர் காதில் விழவில்லை. தோளைத் தொடப்போன கை காற்றில் போவது போல் போயிற்று. வெளியே வந்த செண்பகராமன் கொஞ்ச நேரம் போர்டையே அண்ணாந்து பார்த்துவிட்டு, "தாயீ, உள்ள எங்க வீடு இருக்கு" என்றார். "இருக்கட்டும்ணே. அடுப்பு நாளைக்கு வந்துரும். நாளைக்கு வந்தீங்கன்னா சுடச்சுட அப்பளம் தாரேன்" என்றாள் வெள்ளத்தாய்.

மறுநாள் அடுப்பும் வந்தது, எண்ணெயும் வந்தது, அப்பளக் கட்டும் வந்தது, ஆனால் அப்பளம் கேட்கத்தான் ஆள் வரவில்லை. வந்தவர்கள் எல்லாம் வீட்டைப் பார்க்க வந்தார்கள். ஒரு அப்பளத்துக்கு என்ன விலையோ அதையே வீடு பார்க்கவும் வாங்கிக்கொண்டு, போகிறவர்களுக்குச் சேலையை ஒதுக்கிவிடுவதே அவளுக்கு வேலையாகப் போனது. உள்ளே போகிறவர்களுக்கு அவர்கள் வீடு தெரியும், அந்த நிமிஷத்தில் அது எப்படி இருக்கிறதோ அப்படி, கூட்டாமலும் மெழுகாமலும், விருந்தாளிக்கென்று ஒதுங்க வைக்காமலும். பார்க்கலாம், கேட்கலாம், அடுப்பில் ரசம் கொதித்தால் வாசனையைக்கூடப் பிடிக்கலாம். வீட்டில் இருப்பவர்களுக்கோ இவர்கள் வந்ததும் தெரியாது, போனதும் தெரியாது. போதும் என்று பட்டால் சேலையை விலக்கிக்கொண்டு வந்துவிட வேண்டியதுதான்.

கரிசக்குளத்துக்காரர்களுக்கு இதில் எழுந்த முதல் கேள்வி, இது எப்படி நடக்கிறது என்பதல்ல. செருப்போடு போகலாமா கூடாதா என்பது. பொருட்காட்சி மைதானத்தில் எந்தக் கடைக்கும் யாரும் செருப்பைக் கழற்றுவதில்லை, ஆனால் சொந்த வீட்டுக்குள், அதுவும் நடுக்கூடத்துக்குள், செருப்புக் காலோடு போய் நிற்பது எப்படி என்று பெண்கள் தயங்கினார்கள். விழாக் கமிட்டிச் செயலாளர் வெயில்முத்து நேரில் வந்து யோசித்து, வீடு என்றால் வீடுதான், கழற்றிவிட்டுத்தான் போகணும் என்று தீர்ப்புச் சொன்னார். அன்றிலிருந்து டெல்லி அப்பளம் என்ற போர்டுக்குக் கீழே கோயில் வாசல் மாதிரி செருப்புகள் குவிந்து கிடந்தன. யாருடைய புதுச் செருப்பையோ யாரோ மாற்றிப் போட்டுக்கொண்டு போனதற்கு ஊரில் நடந்த சண்டை, கொட்டகைக்குள் வீடு இருப்பதைப் பற்றிய பேச்சைவிடப் பெரிதாக நடந்தது.

ஆளுக்கு ஆள் அதை ஒரு விதமாகப் புழங்கினார்கள். கேஸை அணைத்தோமா இல்லையா என்ற சந்தேகம் வந்த பெண்கள், பாதிப் பொருட்காட்சியில் ஓடி வந்து சேலையை விலக்கி எட்டிப் பார்த்து, "அணைச்சுத்தான் இருக்கு" என்று நெஞ்சில் கை வைத்துக்கொண்டு மறுபடி ராட்டினத்துக்குப் போனார்கள். வாடகைக்கு விட்ட வீட்டில் குடியிருப்பவர்கள் சுவரில் ஆணி அடிக்கிறார்களா என்று பார்க்க வந்த வீட்டுக்காரர் ஒருவர், எத்தனை தடவை போனாலும் தன் வீட்டுக் குளியலறையைத் தேய்த்துக்கொண்டிருக்கும் தன் பெண்சாதியின் முதுகையே பார்த்துவிட்டு வந்தார். குடும்பத்தோடு, குஞ்சு குளுவானோடு உள்ளே போனவர்கள் ஆளில்லாத தங்கள் வீட்டைப் பார்த்தார்கள். யாருக்காகவோ ஓடிக்கொண்டிருந்தது மின்விசிறி. அடுப்படிக் குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. கட்டில் மேல் அவிழ்த்துப் போட்ட பாவாடை வட்டமாகக் கிடந்தது. அதைப் பார்த்துவிட்டு வந்த ஒரு வீட்டு ஆம்பளை, நாம செத்த பிறகும் வீடு இப்படித்தானே இருக்கும் என்று சொல்லிவிட்டு அன்றைக்கு முழுக்க ஒன்றும் சாப்பிடவில்லை. இன்னொருவருக்கு வீட்டில் ஒரு குறையும் தெரியவில்லை. மகன் படித்துக்கொண்டிருந்தான், மனைவி நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருந்தாள், வாசலில் கோலம்கூடக் கலையாமல் இருந்தது. அவர்தான் எல்லோரையும்விட அதிகமாக ஆடிப்போனவர். "நான் இல்லாம எல்லாம் நல்லாத்தான்யா இருக்கு" என்று பார்க்கிறவர்களிடம் எல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

பக்கத்தில் கரும்புச் சாறு பிழிந்த அமல்ராஜ், வெளியே வருகிறவர்கள் தரையிலேயே உட்காருவதைப் பார்த்துப் பரிதாபப்பட்டு ஒரு பெஞ்சு கொண்டுவந்து போட்டான். அந்த பெஞ்சில் உட்கார்ந்திருப்பவர்கள் பாதி தம்ளராவது குடித்து முடிக்கிறவரைக்கும் அவர்களிடம் யாரும் பேச்சுக் கொடுக்கக்கூடாது என்று தானாகவே ஒரு வழக்கம் ஏற்பட்டுவிட்டது. பெரும்பாலானவர்கள் குடித்துவிட்டு, ஒரு பிளாஸ்டிக் குடத்தையோ பஞ்சு மிட்டாயையோ கையில் பிடித்துக்கொண்டு, நேராக வீட்டைப் பார்க்க நடையைக் கட்டினார்கள். "பாரேன், பேயறைஞ்ச மாதிரி போறாங்க" என்று வரிசையில் நிற்கிறவர்கள் சொல்லிக்கொண்டார்கள்.

அந்த வார்த்தைதான் தவசிலிங்கத்தைக் கொன்றது. இத்தனை பேய்களைச் சொந்தக் காசில் வாங்கி, லாரியில் ஏற்றி ஊர் ஊராகக் கொண்டுபோய், கறுப்புத் துணிக் கூடாரம் அடித்து, எலும்புக்கூட்டின் தாடைக்குக் கயிறு கட்டி, இருட்டில் முகத்தில் உரச ஈரச் சாக்கு தொங்கவிட்டு, காலுக்கடியில் பலகை ஆடும்படி ஸ்பிரிங் வைத்து, "இதய நோயாளிகளும் கர்ப்பிணித் தாய்மார்களும் தயவுசெய்து உள்ளே வர வேண்டாம்" என்று தொண்டை வறள மைக்கில் கத்துகிறவர் இங்கே இருக்க, பேயறைவது அப்பளக் கடையில் என்றால் ஒரு மனுஷனுக்கு எப்படி இருக்கும்? அந்தப் பொம்பளை ஒரு மைக் வைத்திருக்கிறாளா, ஒரு பல்பு போட்டிருக்கிறாளா, ஒரு அலறல் சத்தம் உண்டா? ஸ்டூலில் உட்கார்ந்து நிலக்கடலை உரித்துத் தின்றுகொண்டிருக்கிறாள். இதை நினைக்க நினைக்க அவருக்கு நெஞ்சுக்குழியில் மிளகாய் அரைத்துப் பூசிய மாதிரி எரிந்தது.

தொழில் தெரிந்தவர் அவர், அதைச் சும்மா சொல்லக்கூடாது. பயத்தில் தரம் பிரிக்கத் தெரியும் அவருக்கு. கத்துகிறவன் பயப்படுவதில்லை, கத்துவதற்காகத்தான் காசு கொடுத்திருக்கிறான். வெளியே வந்து சிரிக்கிறவன் அதைவிட மோசம். நிஜமாகப் பயந்த ஆள் சத்தமே போடமாட்டான், வாய் உலர்ந்து எச்சிலை விழுங்குவான், மேலுதட்டில் வேர்க்கும், கை பக்கத்தில் பிடித்துக்கொள்ள எதையாவது தேடும். அந்த முகத்தைத் தன் கூடார வாசலில் ஒரே ஒரு தடவை பார்த்துவிட வேண்டும் என்பதுதான் தவசிலிங்கத்தின் ஆசை. சின்ன வயசில் ஒரு பொருட்காட்சியில் பேய் வீட்டுக்குப் போய் மூத்திரம் போன நாளிலிருந்து வளர்ந்த ஆசை அது. மற்றவர்களுக்குச் சொத்து, சுகம், பேர், புகழ் என்று என்னென்னவோ வேண்டியிருக்கலாம். அவருக்கு வேண்டியது, ஒருத்தன், ஒரே ஒருத்தன், அவர் உண்டாக்கிய பயத்தில் வாயடைத்து நிற்க வேண்டும். இத்தனை வருஷத்தில் கிடைக்காதது, எதிர்க்கடையில் நிமிஷத்துக்கு ஒன்றாக வெளியே வந்து கரும்புச் சாறு குடித்தது.

விட்டுவிட முடியுமா? மதுரையிலிருந்து வெள்ளைச் சேலை கட்டிய பெண் பேய் ஒன்றை வரவழைத்து ஊஞ்சலில் உட்கார வைத்தார். கல்லூரிப் பிள்ளைகள் அதன் தோளில் கை போட்டு செல்ஃபி எடுத்துக்கொண்டு, இந்த முடி நிஜ முடியா சவுரியா என்று இழுத்துப் பார்த்தார்கள். நரி ஊளைச் சத்தத்தைக் கூட்டினார், பக்கத்து பஜ்ஜிக் கடைக்காரர் வந்து குறைக்கச் சொல்லிவிட்டுப் போனார். சவப்பெட்டிக்குள் படுத்திருந்து ஆள் வரும்போது எழுந்து உட்காரும் சங்கையாவை, இனிமேல் கையை நீட்டிக் காலைப் பிடிக்கச் சொன்னார். பிடித்த காலுக்குச் சொந்தக்காரர் குனிந்து, "அண்ணே, பாத்ரூம் எந்தப் பக்கம்?" என்று பிணத்திடம் கேட்டார். இதைச் சங்கையா வந்து சொன்னபோது சிரித்துவிட்டான். தவசிலிங்கம் பார்த்த பார்வையில் சிரிப்பு அப்படியே நின்றது.

பிறகு டீக்கடையில் உட்கார்ந்து, வெள்ளத்தாய் செய்வினைக்காரி, சுடுகாட்டு மண் போட்டுத்தான் கொட்டகையை நிரவியிருக்கிறாள், உள்ளே போனவனுக்கு ஆயுசு குறையும் என்று காதும் காதும் வைத்த மாதிரி பரப்பிவிட்டார். அந்தப் பேச்சு சுற்றுப்பட்டிக்கெல்லாம் போய், மறுநாள் லோடு வண்டியில் ஆள் ஏற்றிக்கொண்டு வந்து இறங்கினார்கள். வரிசை அவருடைய டிக்கெட் மேஜையைத் தாண்டி நின்றது. நின்றவர்கள் அந்த மேஜையில் பையை வைத்துக்கொண்டு, குழந்தைக்குப் பால்புட்டி கலக்கினார்கள். பொறுக்கமாட்டாமல் கமிட்டிப் பந்தலுக்குப் போய் வெயில்முத்துவிடம் முறையிட்டார்.

"அண்ணாச்சி, அவ என்ன தப்புப் பண்றா? அவங்கவங்க வீட்டை அவங்கவங்களுக்குக் காட்டுறா. அதை எப்படி நான் வேண்டாம்னு சொல்றது?"

"அப்பளக் கடைன்னு எடத்தை வாங்கிட்டு இதைச் செய்யலாமாய்யா? நான் பேய் வீடுன்னு சொன்னேன், பேயைக் காட்டுறேன்."

"பேயை யாரு பாக்குறா அண்ணாச்சி இப்பல்லாம்?" என்றார் வெயில்முத்து, மனசில் ஒன்றுமில்லாமல்தான் சொன்னார். "நானே போய்ப் பாத்தேன். எம்மக ஜன்னல்கிட்ட உக்காந்து யாருக்கோ போன்ல மெசேஜ் அடிச்சுக்கிட்டிருந்தா. அடிச்சா, அழிச்சா, மறுபடி அடிச்சா, அழிச்சா. அவ்வளவுதான். நாலு நாளா எனக்குச் சோறு எறங்கல. அடுத்த வருஷம் நுழைவாசல் எடத்தை வெள்ளத்தாய்க்கே குடுத்திரலாம்னு கமிட்டியில பேச்சு."

நுழைவாசல் இடம் தவசிலிங்கம் வருஷா வருஷம் கேட்டுக் கிடைக்காத இடம். அவர் திரும்பி வந்து, அன்றைக்கு டிக்கெட் கிழிக்கிறவனை ஒரு காரணமும் இல்லாமல் எல்லார் முன்னாலும் அறைந்தார்.

இத்தனைக்கும் எதிர்க்கடைக்குள் அவர் ஒரு தடவைகூட எட்டிப் பார்க்கவில்லை. எதிராளி வாசலை மிதிப்பதா என்ற ரோஷம் ஒரு பக்கம். என் வீட்டில் பார்க்க என்ன இருக்கிறது என்ற கர்வம் ஒரு பக்கம். "எவன் வீட்டுல ஒழுங்கு இல்லையோ அவன் பயப்படுவான்" என்று சங்கையாவிடம் சொன்னார். "எங்க வீட்டை வந்து பாரு. நான் உள்ள நுழைஞ்சா ஊசி விழுந்தாக் கேக்கும். பொண்டாட்டி பிள்ளைங்கன்னா அப்படி இருக்கணும். மரியாதை." சங்கையா, "சரிங்கண்ணே" என்று சொல்லிவிட்டு முகத்துக்குச் சுண்ணாம்புப் பொடி பூசிக்கொண்டான்.

அந்தச் சங்கையாவும் ஒருநாள் போய்வந்தான். சனிக்கிழமை சாயங்காலம், கூட்டம் வரும் முன்னே, பிண வேஷத்தோடு நடைபாதையைத் தாண்டிப் போய்ச் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனதைத் தவசிலிங்கம் டிக்கெட் மேஜையிலிருந்து பார்த்தார். திரும்பி வந்தபோது அவன் பூசியிருந்த சுண்ணாம்பில் இரண்டு கோடு விழுந்திருந்தது. எச்சிலை விழுங்கினான். கூடாரக் கம்பை ஒரு கையால் பிடித்துக்கொண்டான்.

"என்னடா பாத்த?"

"ஒண்ணுமில்லண்ணே. எல்லாரும் சாப்பிட்டுக்கிட்டிருந்தாங்க. எனக்கும் ஒரு தட்டு வச்சிருந்தாங்க. தெனமும் வைக்கிறாங்க போல. சாப்பிட்டு முடிச்சதும் எம்பொண்டாட்டி அதைக் கழுவாமலே எடுத்து வச்சா." கம்பிலிருந்து கையை எடுத்தான். "நான் ஊருக்குப் போறேண்ணே."

"தட்டைப் பாத்ததுக்காடா அழுற?"

சங்கையா சவப்பெட்டிக்குள் இருந்த தன் பையையும் லுங்கியையும் எடுத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டுப் பக்கம் போய்விட்டான். தவசிலிங்கத்துக்கு அவன் போனதுகூடப் பெரிதில்லை. எத்தனையோ வருஷம் அவருடைய சவப்பெட்டியில் படுத்து, அவருடைய இருட்டைத் தின்று வளர்ந்தவன், அந்த முகத்தை, அவர் ஏங்கி ஏங்கிக் காத்திருந்த அந்த முகத்தை, ஒரு சாப்பாட்டுத் தட்டுக்குக் கொடுத்துவிட்டானே என்றுதான் ஆற்றாமையாக இருந்தது. பெண்டாட்டியை இன்னொருத்தன் வண்டியில் பார்த்தவனுக்குக்கூட அவ்வளவு எரிந்திருக்காது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், மைதானத்தில் தண்ணீர் லாரி மட்டும் புழுதிக்குத் தண்ணீர் அடித்துக்கொண்டு போன நேரத்தில், ரோஷத்தை எல்லாம் தூக்கி ஒரு பக்கம் வைத்துவிட்டு அவர் எதிர்க்கடைக்குப் போனார். என்ன மருந்து வைத்திருக்கிறாள், என்ன கண்ணாடி மாட்டியிருக்கிறாள், அதைக் கண்டுபிடித்து எடுத்துவந்து தன் கூடாரத்தில் மாட்டிவிடுவது என்பதுதான் எண்ணம். வெள்ளத்தாய் ஸ்டூலில் இருந்து எழுந்தாள்.

"வாங்கண்ணே. அப்பளம் போடட்டா? நீங்களாவது சாப்பிடுங்க, கட்டெல்லாம் நமுத்துப் போகுது."

"உள்ள பாக்கணும்."

"நான் இன்னும் உள்ள போனதில்லண்ணே. எனக்குத் தைரியம் கெடையாது" என்றாள். பிறகு சேலையை ஒதுக்கிப் பிடித்தாள். "செருப்பைக் கழட்டிட்டுப் போங்க. உங்க வீடுதான்."

உள்ளே மருந்தும் இல்லை, கண்ணாடியும் இல்லை. அவர் சாத்தூரில் தன் வீட்டு நடையில் நின்றார். முதலில் கேட்டது சிரிப்பு. அவருடைய மனைவி சண்முகக்கனியின் சிரிப்பு அது, ஆனால் கல்யாணமான புதிதில் கேட்டதற்குப் பிறகு அவர் கேட்டிராத சிரிப்பு, மூச்சு வாங்க வாங்க வருகிற சிரிப்பு. அவருக்கு உச்சந்தலையில் சுர்ரென்றது. எவன் அவன் என்று மனசு கேட்டது. ஊர் ஊராக நான் இருட்டைக் கட்டிக்கொண்டு அழ, இங்கே எவன் உட்கார்ந்து இவளைச் சிரிக்க வைக்கிறான்? கதவுக்குப் பின்னால் பார்த்தார், குளியலறையில் பார்த்தார், மாடிப்படிக்கு அடியில் பார்த்தார். எவனும் இல்லை. கடைசியில் படுக்கையறைக்குள் போனார்.

ஜன்னலை எல்லாம் போர்வை போட்டு மூடி அறையை இருட்டாக்கியிருந்தார்கள். எட்டாவது படிக்கும் மகள் இலக்கியா, தோசைக் கரண்டியை வாயருகே பிடித்துக்கொண்டு, "இதய நோயாளிகள் வர வேண்டாம், கர்ப்பிணித் தாய்மார்கள் வர வேண்டாம், முகில் மட்டும் வரலாம்" என்று அவர் குரலிலேயே கூவிக்கொண்டிருந்தாள். ஒன்றாவது படிக்கும் மகன் முகில் கட்டிலைச் சுற்றிப் பூனை நடை நடந்து வந்தான். வெள்ளை வேட்டி ஒன்றைத் தலையோடு போர்த்திக்கொண்டு சண்முகக்கனி கட்டிலுக்குப் பின்னாலிருந்து ஊளையிட்டபடி எழுந்தாள். அவன் வீல் என்று கத்தினான், ஓடினான், ஓடிய வேகத்திலேயே திரும்பி வந்து அந்தப் பேயின் வயிற்றைக் கட்டிக்கொண்டு, "இன்னொரு தடவம்மா, இன்னொரு தடவ" என்றான்.

தவசிலிங்கம் சுவரோரமாக நின்று பார்த்தார். வேட்டியைப் போர்த்தும் விதம் தப்பு, எழுந்திருக்கும் நேரம் தப்பு, ஊளை சரியே இல்லை. ஆனாலும் அவருக்குப் பொறாமையாக இருந்தது. அந்த வேட்டி மேல் பொறாமை, அந்தக் கரண்டி மேல் பொறாமை. அது என் தொழில், என் குரல், என் பேய், என்னை விட்டுவிட்டு இதை வைத்து நீங்கள் மட்டும் விளையாடுகிறீர்களே என்று, சின்னப் பிள்ளை மாதிரி கேட்கத் தோன்றியது. அதில் தனக்கும் ஒரு பங்கு வேண்டும் போலிருந்தது. கூப்பிட்டுப் பார்த்தார், கேட்கவில்லை. சட்டைப் பையில் போன் இருந்தது. எடுத்து மனைவியின் நம்பரை அமுக்கினார்.

கூடத்தில், ஃபிரிட்ஜ் மேல் மணி அடித்தது.

முகில் கத்திக்கொண்டிருந்த கத்தலை மகள் உள்ளங்கையால் பொத்தினாள். வேட்டிக்குள்ளிருந்து சண்முகக்கனி வெளியே வந்தாள். யாரும் யாருக்கும் ஒன்றும் சொல்லவில்லை, சொல்ல வேண்டியும் இருக்கவில்லை. ஜன்னல் போர்வைகள் இறங்கின, வேட்டி மடிப்புக் கலையாமல் பீரோவுக்குள் போனது, கரண்டி அடுப்படிக்குப் போனது, இலக்கியா புத்தகத்தைப் பிரித்து மடியில் வைத்துக்கொண்டாள், அந்தச் சின்னப் பயல் தானாகவே போய்ச் சுவரில் முதுகு ஒட்டச் சம்மணம் போட்டு உட்கார்ந்து வாயில் விரலை வைத்துக்கொண்டான். உட்கார்ந்தபடியே அவன் கால்சட்டை ஈரத்தில் நனைந்தது. அதை மறைக்க அவன் தலையணையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டான். சண்முகக்கனி போனைக் கையில் எடுத்து, பெயரைப் பார்த்து, எச்சிலை விழுங்கி, மேலுதட்டை முந்தானையால் துடைத்து, கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு, "சொல்லுங்க" என்றாள்.

இத்தனை வருஷமாக எந்த ஊரிலிருந்து கூப்பிட்டாலும் அவர் காதில் விழுந்த "சொல்லுங்க" அதுதான். அதை அடக்கம் என்று நினைத்திருந்தார். மரியாதை என்று நாலு பேரிடம் பெருமை பேசியிருந்தார். தொழில் தெரிந்தவர் ஆயிற்றே, இப்போது பக்கத்தில் நின்று பார்க்கையில் அது என்னவென்று அவருக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. கூடாரம் இல்லாமல், கறுப்புத் துணி இல்லாமல், பட்டப்பகலில், மூன்று பேரை அவர் அப்படி ஆக்கி வைத்திருந்தார்.

"என்னங்க, கேக்குதா?" என்றாள் அவள். "இப்பத்தான் துணி மடிச்சேன். பிள்ளைங்க படிச்சுக்கிட்டிருக்குதுங்க. சத்தமே இல்லங்க."

ஏதாவது நல்லதாக ஒரு வார்த்தை, சங்கையா போன்றவர்கள் வீட்டுக்குப் போன் பண்ணினால் சொல்லுகிற மாதிரி ஒரு வார்த்தை, அவருக்கு அகப்படவில்லை. தேடித் தேடி, "சாப்பிட்டீங்களா?" என்று கேட்டார். அப்படி அவர் கேட்டதே கிடையாது. அவள் போனைக் காதிலிருந்து எடுத்துப் பெயரை மறுபடி பார்த்துவிட்டு, "சாப்பிட்டோம்" என்றாள்.

"பிள்ளைங்க விளையாடட்டும் கனி" என்றார் அவர், தன்னால் முடிந்த அளவு மெதுவான குரலில். "ஒண்ணும் சொல்லமாட்டேன். நல்லா விளையாடட்டும்."

அவள் முகத்தில் ரத்தம் வற்றிப்போனதை அவர் பார்த்தார். படிக்கிறார்கள் என்று இப்போதுதான் சொல்லியிருந்தாள். பொய் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது, அப்படியானால் எங்கேயோ பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருக்கிறார் என்று அவள் கணக்குப் போட்டாள். பொய் சொன்னால் என்ன நடக்கும் என்று அவளுக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். அவள் போனை உள்ளங்கையால் இறுக்கிப் பொத்திக்கொண்டு மகளிடம் குனிந்தாள்.

"அப்பா வந்துட்டாங்க போல. தம்பியத் தூக்கிக்கிட்டுப் பின்வாசல் வழியா மாலதி அத்தை வீட்டுக்குப் போயிரு. நான் வந்து கூப்பிடாம வராத."

இலக்கியா ஏன் என்று கேட்கவில்லை. ஈரக் கால்சட்டையோடு தம்பியை இடுப்பில் தூக்கிக்கொண்டாள். அவர் நின்ற இடம் வழியாகவே, அவருக்குள்ளேயே நடந்து, பின்கட்டுக்குப் போனாள். கொல்லைக் கதவு சத்தமில்லாமல் சாத்திக்கொண்டது.

"கனி" என்றார் அவர் போனில். அவளுக்கு ஒரு கை தூரத்தில்தான் நின்றார். "பயப்படாத கனி."

"இல்லங்க. பயமெல்லாம் ஒண்ணும் இல்லங்க" என்றாள் சண்முகக்கனி, வாசல் கதவின் தாழ்ப்பாளைப் பார்த்துக்கொண்டே.